கிளினிக் கொப்பியில் இல்லாத குளிசை

கேள்வி இதுதான்: "அம்மாவுக்கு 56 வயது. மஸ்கெலியாப் பக்கம் தோட்டத்தில் இன்னும் கொழுந்து எடுக்கிறார். பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் மூன்றுக்கும் கிளினிக் போகிறார். எனலாபிரில், எச்.சி.டி, மெட்போமின், கிளிக்லசைட், அட்டோவஸ்டட்டின், அஸ்பிரின் தருகிறார்கள். இரத்தம் குறைவென்று இப்போது அயன் குளிசையும் சேர்ந்திருக்கிறது. எல்லாவற்றையும் விடியக் காலையில் தேத்தண்ணியோடு ஒரே வாயில் விழுங்கிவிட்டுப் பெரட்டுக்கு ஓடுகிறார். முழங்கால் வலிக்கு டவுனில் ஒரு குளிசை வாங்கிப் போடுகிறார். இவை ஒன்றோடொன்று மோதாதா? கொத்தமல்லி, கசாயம் குடிக்கலாமா?"

மோதும் தம்பி. ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் அல்ல. கொப்பியில் எழுதியிருக்கிற பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் மருந்துகளையும் அஸ்பிரினையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம்தான். நாடு முழுக்க இலட்சக்கணக்கானவர்கள் அப்படிப் போடுகிறார்கள். டொக்டர் அவற்றைத் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். அவருக்குத் தெரியாதது கடைசியில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன அந்த முழங்கால் குளிசை. உங்கள் கேள்வியில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்ததும் அதுதான்.

பெயர் எழுதவில்லை. வீட்டில் வெறும் அட்டை கிடந்தால் பின்பக்கம் பாருங்கள். முன்னால் பெரிய எழுத்தில் இருப்பது கம்பனி வைத்த பெயர், அது கடைக்குக் கடை மாறும். சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்து. டைக்ளோபினக், ஐபுபுரோபன், மெஃபனமிக் அசிட், நப்ரொக்சன் என்று ஏதாவது இருந்தால் எல்லாம் ஒரே கூட்டம். அடிபட்ட, தேய்ந்த இடத்தில் உடம்பு புரொஸ்டகிளாண்டின் என்ற பொருளைச் செய்கிறது. வீக்கமும் வலியும் அதனால்தான் கூடுகின்றன. இந்தக் குளிசைகள் அதைச் செய்கிற நொதியைத் தடுக்கின்றன. வலி குறைகிறது, நியாயம்தான். சிக்கல் என்னவென்றால் அதே புரொஸ்டகிளாண்டின் வயிற்றின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கிறது, சிறுநீரகத்துக்கு இரத்தம் போகிற வழியையும் திறந்து வைக்கிறது. குளிசைக்கு முழங்கால் எது, சிறுநீரகம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

சிறுநீரகத்தில் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். லயத்துப் பீலிக்கு மேலே ஒரு வடிகட்டித் தொட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து ஒரு குழாய் உள்ளே வருகிறது, கீழே ஒரு குழாய் வெளியே போகிறது. தண்ணீர் வடிய வேண்டுமென்றால் தொட்டிக்குள் அழுத்தம் இருக்க வேண்டும். மேற்குழாயைத் திறந்து வைப்பது புரொஸ்டகிளாண்டின். கீழ்க்குழாயை இறுக்கிப் பிடிப்பது அஞ்சியோடென்சின். எனலாபிரில் அஞ்சியோடென்சின் உண்டாவதைத் தடுக்கிற மருந்து, ஆகவே கீழ்க்குழாய் தளர்கிறது. பிரஷர் இறங்குகிறது, சீனி வருத்தக்காரரின் சிறுநீரகத்துக்கு நீண்ட காலத்தில் அது நல்லதும்கூட. எச்.சி.டி, அதாவது ஹைட்ரோகுளோரோதயசைட், உப்பையும் தண்ணீரையும் சிறுநீரோடு வெளியேற்றுகிறது, அதாவது குழாயில் வருகிற தண்ணீரே குறைகிறது. இந்த இரண்டையும் சிறுநீரகம் தாங்கும். இவற்றின் மேல் டைக்ளோபினக் வந்து மேற்குழாயையும் நெருக்கினால் தொட்டிக்குள் அழுத்தமே இல்லை. இரத்தம் வடிவது குறைந்து கழிவு தேங்குகிறது. இந்த மூன்று மருந்தும் ஒன்றாகச் சேர்வதை மருந்தாளர்கள் தனியாகவே குறித்து வைத்து எச்சரிப்பார்கள்.

இனி நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். மலையில் கொழுந்தெடுக்கிற பெண்களுக்குப் பெரும்பாலும் கழிப்பறை இருப்பதில்லை. ஒதுங்க இடமில்லையே என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் நிற்பவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் அம்மாவிடமே கேட்டுப் பாருங்கள். எச்.சி.டி போட்டு இரண்டு மணி நேரத்தில் சிறுநீர் கூடத் தொடங்கும், நான்கு மணி நேரமளவில் உச்சத்தில் இருக்கும். ஆறு மணிக்குப் போட்டால் பத்து மணிக்கு அவர் மலையின் நடுவில். அதனால்தான் சிலர் அந்தக் குளிசையை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். போடுகிறவர்கள் தண்ணீரை விடுகிறார்கள். வெயிலில் வேர்த்து, தண்ணீர் குடிக்காமல், எனலாபிரிலும் எச்.சி.டியும் உள்ளே இருக்க, மாலையில் ஒரு டைக்ளோபினக் என்றால் சிறுநீரகத்துக்கு அதைவிட மோசமான நாள் வேண்டியதில்லை. எச்.சி.டியை வேலை முடிந்து வந்தபின் பின்னேரம் போடலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். பெரும்பாலும் மாற்றிக் கொடுப்பார்கள். காரணத்தைச் சொன்னால்தான் அவர்களுக்கும் தெரியும். பெண்கள் வாயைத் திறந்து சொல்வதில்லை, டொக்டர்மாரும் கேட்பதில்லை.

சிறுநீரகம் பின்வாங்கினால் அது அதோடு நிற்காது. மெட்போமின் உடம்பில் உடைபடாமல் அப்படியே சிறுநீரில் வெளியேறுகிற மருந்து. வழி அடைத்தால் அது இரத்தத்தில் சேரும், அபூர்வமாக இரத்தம் அமிலமாகிற நிலைக்கும் போகலாம். எனலாபிரில் பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கிற மருந்து. சிறுநீரகம் பலவீனமானால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குழப்பும். சத்துக்கு நல்லது என்று தினமும் செவ்விளநீர் வாங்கிக் கொடுக்கிற பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும், இளநீரில் பொட்டாசியம் தாராளம். இதோடு டைக்ளோபினக் உப்பைத் தேக்கிப் பிரஷரையும் ஏற்றும். கிளினிக்கில் பிரஷர் இறங்கவில்லையே என்று இன்னொரு குளிசை கூட்டுவார்கள். வலிக் குளிசை பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வயிற்றுக்கு வருவோம். அஸ்பிரின் சின்ன அளவில், இரத்தத்தை உறைய வைக்கிற தட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் வைக்கிறது. ஒருமுறை பட்ட தட்டு அது இருக்கும் வரை, ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாள், அப்படியேதான் இருக்கும். மலையில் அட்டை கடித்தால் அம்மாவுக்கு இரத்தம் நிற்க நேரமெடுப்பது இதனால்தான். அட்டையின் உமிழ்நீரிலும் இரத்தம் உறையாமல் தடுக்கிற பொருள் இருக்கிறது, இரண்டும் சேர்கின்றன. அழுத்திப் பிடித்தால் நிற்கும், பயப்படத் தேவையில்லை. பயப்பட வேண்டியது வயிற்றுக்குள். அஸ்பிரினோடு டைக்ளோபினக் சேர்ந்தால் குடற்புண்ணும் இரத்தக் கசிவும் வருகிற வாய்ப்பு நன்றாகவே கூடும். சில தனியார் டிஸ்பென்சரிகளில் மூட்டுவலிக்கு பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசையும் சேர்த்துக் கொடுப்பதுண்டு. அது சீனியை ஏற்றும், டைக்ளோபினக்கோடு சேர்ந்தால் வயிற்றை இன்னும் கெடுக்கும்; பல வாரம் போட்டுப் பழகியபின் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அயன் குளிசை போடுகிறவருக்கு மலம் கறுப்பாகப் போகும், அது சாதாரணம். வயிற்றில் இரத்தம் கசிந்தாலும் மலம் கறுப்புத்தான். "அயன் போடுகிறேன், அதனால்தான்" என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடுவார்கள். அயன் கறுப்பு கொஞ்சம் பச்சை கலந்து, வழக்கம் போல உருவாக இருக்கும். இரத்தக் கறுப்பு தார் மாதிரி ஒட்டும், தண்ணீர் ஊற்றினாலும் லேசில் போகாது, நாற்றம் வேறு விதமாக இருக்கும். அப்படி இருந்தாலோ, எழுந்து நின்றால் தலை சுற்றினாலோ அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் வரும், காசு இல்லை. இன்னொன்றும் யோசியுங்கள். அம்மாவுக்கு இரத்தம் குறைந்ததே ஏன்? சாப்பாடு காரணமாக இருக்கலாம். மாதக்கணக்கில் அஸ்பிரினும் டைக்ளோபினக்கும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்ததாகவும் இருக்கலாம். வலிக் குளிசை விஷயத்தை டொக்டரிடம் சொல்லாவிட்டால் அவர் அயனைத்தான் எழுதுவார்.

அப்படியென்றால் முழங்கால் வலியோடு மலையேறச் சொல்கிறேனா? இல்லை. பரசிட்டமோல், அதாவது பனடோல், சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் இந்தத் தொந்தரவைத் தராது. வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு, 24 மணி நேரத்தில் எட்டைத் தாண்டாமல். ஆனால் அந்த எட்டு எல்லாருக்கும் இல்லை. மெலிந்த உடம்பு என்றால் கிலோவுக்கு 60 மில்லிகிராம் என்று கணக்குப் பாருங்கள். 45 கிலோ அம்மாவுக்கு 2,700 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து குளிசைதான். தடிமன் மருந்துப் பக்கெட் பலவற்றிலும் பரசிட்டமோல் இருக்கிறது, அதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அளவு மீறினால் கெடுவது கல்லீரல், தினமும் சாராயம் குடிக்கிறவருக்கு அது இன்னும் சுலபமாகக் கெடும். வலிக்கு டைக்ளோபினக் ஜெல் பூசுவது குளிசையைவிட எவ்வளவோ மேல், இரத்தத்துக்குப் போவது சொற்பம். வாசனைத் தைலம், பாம் தேய்ப்பதிலும் தப்பில்லை. இரத்தம் உறையாமலிருக்க வோபரின் போடுகிறவர்கள் மட்டும் கவனம், மெதைல் சலிசிலேட் உள்ள பாம்களை நாளெல்லாம் பூசினால் இரத்தம் அளவுக்கு மேல் இளகும்.

காய்ச்சலுக்கும் இதே விதிதான். கொழும்பில் கடையில் வேலை செய்கிற பிள்ளைகள் தீபாவளிக்கு வரும்போது காய்ச்சலோடு வருவார்கள். குளிர்ந்த ஊர், இங்கே நுளம்பு குறைவு என்று டெங்குவை நினைக்கவே மாட்டோம். பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள். டைக்ளோபினக், ஐபுபுரோபன், அஸ்பிரின் எதுவும் வேண்டாம், டெங்குவில் அவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

அடுத்தது கிளிக்லசைட். கொப்பியில் இருப்பவற்றில் எனக்குக் கவலை தருவது இது ஒன்றுதான், அதுவும் நேரம் காரணமாக. மெட்போமின் கல்லீரல் சீனியை வெளியே விடுவதைக் குறைக்கிறது. தனியாகப் போட்டால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. கிளிக்லசைட் அப்படியல்ல, சதையியைத் தூண்டி இன்சுலினை வெளியே தள்ள வைக்கிறது. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. அம்மா ஐந்தரைக்குக் குளிசையும் தேத்தண்ணியும் மட்டும் எடுத்துக்கொண்டு போய், ரொட்டியை ஒன்பதரை பத்துக்கு மலையில் சாப்பிடுகிறார் என்றால் இடைப்பட்ட நேரம் முழுக்கக் கூடையோடு ஏற்றத்தில் நிற்கிறார். கை நடுக்கம், படபடப்பு, குப்பென்று வேர்வை, பசி, கண் இருட்டல் வந்தால் அது சீனி இறங்குவது. அடுத்த நிமிடமே மூன்று நான்கு தேக்கரண்டி சீனி தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், பிறகு ரொட்டி. "சீனி வருத்தக்காரிக்குச் சீனியா" என்று பக்கத்தில் நிற்பவர்கள் தடுப்பார்கள், கங்காணியிடமும் கூட வேலை செய்பவர்களிடமும் முன்கூட்டியே சொல்லி வைக்கச் சொல்லுங்கள். மடியில் நாலு டொபி இருந்தால் நல்லது. அதெனொலோல், புரொப்ரனலோல் போன்ற, இதயத் துடிப்பைக் குறைக்கிற மருந்து போடுகிறவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போய்விடும், வேர்வை மட்டும்தான் அடையாளமாக மிஞ்சும்.

ஆகவே கிளிக்லசைட் சாப்பாட்டோடுதான். காலையில் அரை ரொட்டியாவது வயிற்றில் விழாத நாளில் அதைப் போட வேண்டாம். மெட்போமினும் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட கையோடு, இல்லாவிட்டால் வயிறு புரட்டும். பல வருடம் மெட்போமின் போடுகிறவர்களுக்கு விற்றமின் பி12 குறைந்து கால் விறைக்கலாம்; எல்லா விறைப்பும் சீனியால் அல்ல.

தேத்தண்ணிக்கு வருகிறேன். மேலே சொன்னவற்றோடு தேத்தண்ணி குடிப்பதால் பெரிய கெடுதி இல்லை. அயனோடுதான் கூடாது. தேயிலையின் துவர்ப்புச் சத்து அயனைக் குடலிலேயே பிடித்துக்கொள்கிறது, இரத்தத்துக்குப் போக விடுவதில்லை. சாயம் கடுமையாக இருக்க இருக்க இழப்பும் கூடும், பால் ஊற்றினாலும் தப்பாது. தேயிலை பறிக்கிற பெண்களுக்கே இரத்தம் ஏறாமல் இருப்பதில் தேத்தண்ணிக்கும் ஒரு பங்கு உண்டு என்பது எனக்கு எப்போதும் உறுத்துகிற விஷயம். அயனைக் காலைக் கூட்டத்திலிருந்து பிரித்துவிடுங்கள். இரவு படுக்கும்போது, கடைசித் தேத்தண்ணி குடித்து இரண்டு மணி நேரம் கழித்து, வெறும் தண்ணீரோடு. பாதித் தேசிக்காய் பிழிந்த தண்ணீரானால் இன்னும் நன்றாக ஏறும். வயிறு எரிந்தால் கொஞ்சம் சாப்பிட்டபின் போடட்டும், குறைவாக ஏறினாலும் போடாமல் விடுவதைவிட மேல்.

வீட்டில் வேறு யாருக்காவது தைரொயிட்டுக்குத் தைரொக்சின் இருந்தால் அதுவும் இப்படித்தான், எழுந்தவுடன் தண்ணீரோடு மட்டும், அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத் தேத்தண்ணி. அயன், கல்சியம் நான்கு மணி நேரம் தள்ளி. எலிக்காய்ச்சல் வராமலிருக்கக் கொடுக்கிற டொக்சிசைக்ளினைப் பாலோடும் அயனோடும் போடக்கூடாது. ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீர் குடித்து, உடனே படுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக் குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும்.

எனலாபிரில் பற்றி ஒன்று. அம்மாவுக்கு வறட்டு இருமல் இருக்கிறதா? சளி இல்லாமல், தொண்டையில் அரிப்போடு, இரவில் கூடுகிற இருமல்? எனலாபிரில் தடுக்கிற அதே நொதிதான் பிரடிகைனின் என்ற பொருளையும் உடைக்கிறது. அது உடையாமல் தேங்கினால் சிலருக்கு இருமல் வரும். நம் ஊரில் பனியும் குளிரும் இருப்பதால் யாரும் குளிசையைச் சந்தேகிக்க மாட்டார்கள். இருமல் பாணி வாங்குவார்கள், அது கேட்காது, பிறகு தடிமன் குளிசை. அதில் மூக்கடைப்புக்கென்று ஃபீனைலெஃப்ரின் இருந்தால் பிரஷர் ஏறும், குளோர்பெனிரமின் இருந்தால் தூக்கம் வரும், அந்தத் தூக்கத்தோடு சறுக்கல் மலையில் நிற்பது நினைத்தாலே பயம். இருமல் இருந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள், லொசார்ட்டானுக்கு மாற்றினால் பெரும்பாலும் சில வாரத்தில் நின்றுவிடும். லொசார்ட்டானும் சிறுநீரக விஷயத்தில் எனலாபிரில் போலத்தான், டைக்ளோபினக் அதோடும் கூடாது. முகமோ உதடோ திடீரென்று வீங்கினால் மட்டும் அது இருமல் மாதிரி அல்ல, உடனே ஆஸ்பத்திரி.

அட்டோவஸ்டட்டின் எந்த நேரமும் போடலாம். வலி முழங்காலில் இல்லாமல் இரண்டு தொடையிலும் சதையில் இருந்தால் அந்தக் குளிசையைச் சந்தேகிக்க வேண்டும். கிளரித்ரோமைசின், எரித்ரோமைசின் என்ற அன்டிபயோட்டிக் யாராவது எழுதினால் ஸ்டட்டின் போடுவதைச் சொல்லிவிடுங்கள், இரண்டும் சேர்ந்தால் ஸ்டட்டின் இரத்தத்தில் ஏறிச் சதையைக் கரைக்கலாம். இணையத்தில் இதற்கு கிரேப்ஃபுரூட் சாறு என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். ஹட்டன் சந்தையில் அதை நான் கண்டதில்லை, அந்தக் கவலையை விடுங்கள்.

கொத்தமல்லி தாராளமாகக் குடிக்கலாம், இஞ்சி தட்டிப் போட்டும் குடிக்கலாம். அதனால் இந்த மருந்துகளுக்கு ஒன்றும் ஆகாது. நான் கேட்பது வேறு. சீனிக்கென்று பாவற்காய்ச் சாறு, குறிஞ்சா, கொத்தலஹிம்புட்டு மரக் கோப்பையில் ஊறிய தண்ணீர் ஏதாவது தினமும் ஓடுகிறதா? அவை சீனியைக் கொஞ்சம் இறக்கக்கூடியவை, கிளிக்லசைட்டோடு சேரும்போது அந்தக் காலை நேரம் இன்னும் மோசமாகும். கறியாகச் சாப்பிடுவது வேறு, வெறும் வயிற்றில் சாறாகக் குடிப்பது வேறு. அதிமதுரம் அதிகம் போட்ட கசாயத்தை நாட்கணக்கில் குடித்தால் பிரஷர் ஏறி, பொட்டாசியம் இறங்கும். காமரங்கா, பிளிம்பி சாறு மட்டும் வேண்டவே வேண்டாம். சீனிக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் நல்லது என்று யாரோ சொல்லி வெறும் வயிற்றில் கிளாஸ் கணக்கில் குடித்து, அதிலுள்ள ஒக்சலேட் சிறுநீரகத்தில் படிந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களை இலங்கைச் சிறுநீரக டொக்டர்மார் பதிவு செய்திருக்கிறார்கள். வெற்றிலை போடுகிற பழக்கம் இருந்து வீசிங்கும் இருந்தால், பாக்கிலுள்ள அரிகொலின் மூச்சுக்குழாயைச் சுருக்கும், இன்ஹேலர் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும்.

இந்தப் பெயர்க் குழப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேராதனை மருத்துவ பீடத்தில் இருந்த பேராசிரியர் சேனக பிபிலேதான் மருந்தை அதன் உண்மைப் பெயரில் எழுதி, உண்மைப் பெயரில் வாங்க வேண்டும் என்று இந்த நாட்டில் விடாமல் நின்றவர். 1971ல் வந்த அரச மருந்துக் கூட்டுத்தாபனம் அவர் முயற்சி. அவர் இறந்து இத்தனை வருடமாகியும் தனியார் டிஸ்பென்சரியில் பெயரே எழுதாத கடதாசிக் கவரில் நான்கு நிறக் குளிசை வருகிறது. கவரில் பெயர் எழுதித் தரும்படி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கிளினிக் மருந்தும் ஒரு மாதம் வெள்ளையாகவும் அடுத்த மாதம் மஞ்சளாகவும் வரும், கம்பனி மாறியிருக்கும், மருந்து அதேதான். பழையதும் புதியதும் வேறென்று நினைத்து இரண்டையும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அம்மாவின் பெட்டியைத் திறந்து ஒருமுறை பாருங்கள். கவரில் "பீடீ" என்றால் நாளுக்கு இருமுறை, "டீடீஎஸ்" மும்முறை, "மேனே" காலை, "நொக்டே" இரவு. தமிழில் காலை, இரவு என்று நீங்களே பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

அடுத்த கிளினிக் நாளில் ஒரு லீவு போட்டு அம்மாவோடு நீங்களும் போங்கள். டொக்டர் சிங்களத்தில் கேட்பார், அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வருவார். வீட்டிலுள்ள எல்லாக் கவரையும், டவுனில் வாங்கிய அட்டையையும் ஒரு ஷொப்பிங் பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற சீரம் கிரியட்டினினையும் பொட்டாசியத்தையும் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள். எச்.சி.டி நேரத்தை மாற்றலாமா, மலைக்குப் போகிற நாளில் கிளிக்லசைட்டை எப்படிப் போடுவது, முழங்காலுக்கு எதைப் போடலாம் என்று கேளுங்கள். வாந்தியோ வயிற்றோட்டமோ வந்து தண்ணீர் தங்காத நாளில் எனலாபிரில், எச்.சி.டி, மெட்போமின் மூன்றையும் நிறுத்தி வைக்க வேண்டுமா, எத்தனை நாளைக்கு என்பதையும் கேட்டுக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். அதுவரை அந்த முழங்கால் குளிசையை மட்டும் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்; அது பிரெட்னிசொலோனாக இருந்தால் மட்டும் டொக்டரைக் கேட்டே நிறுத்த வேண்டும். சாப்பிடாத வேளையில் கிளிக்லசைட்டை விடுவது தவிர, கொப்பியில் இருப்பது எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.